பென்டிரைவில் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டதா? ஃபார்மட் போடும் முன் இதைப் படியுங்கள்

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டால் உள்ளே ஒரே ஒரு ஷார்ட்கட்தான் இருக்கிறது. இதைச் சொல்லி வருகிறவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு குறைவு. பாஸ்போர்ட் நகல், சர்டிபிகேட், அட்டெஸ்டேஷன் பேப்பர் என்று பென்டிரைவ் அடிக்கடி கடை ஏறி இறங்கும். மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ பஸ் ஸ்டாண்ட் பக்கம் உள்ள கடையில், ஒரே கம்ப்யூட்டரில் ஒரு நாளைக்கு எத்தனை பேரின் பென்டிரைவ் ஏறும்! கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சித்தி வீட்டு லேப்டாப்பில் இதைச் சரிசெய்து முடித்த கையோடு எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் இது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முன்பெல்லாம் பென்டிரைவைச் செருகினாலே வைரஸ் தானாக ஓடும். விண்டோஸ் 7-இல் அந்த ஆட்டோரன் வழியை மைக்ரோசாஃப்ட் அடைத்தது. 2011-இல் பழைய விண்டோஸ்களுக்கும் அப்டேட் கொடுத்தது. அதனால் இப்போது வைரஸுக்கு நம் கை தேவைப்படுகிறது. நம் ஃபைல்களை ஒளித்துவைத்துவிட்டு, பென்டிரைவின் பெயரிலேயே ஒரு ஷார்ட்கட் வைக்கும். அதை டபுள் கிளிக் செய்தால் ஃபைல்களும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். ஃபைல் திறந்துவிட்டதே என்று நாமும் சும்மா இருந்துவிடுவோம். ஐகானின் இடது மூலையில் வளைந்த சிறிய அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட். அதைத் தொடாதீர்கள்.

படி 1: முதலில் கம்ப்யூட்டர்

பென்டிரைவைக் கழற்றி வையுங்கள். கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கும்போது பென்டிரைவை எத்தனை முறை சுத்தம் செய்தாலும், செருகிய நிமிடம் திரும்ப ஏறிவிடும்.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன் போய், அப்டேட் கொடுங்கள். அப்புறம் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்பும் முன்பே தேடும். சுமார் 15 நிமிடம் ஆகும். லேப்டாப் என்றால் சார்ஜர் மாட்டியிருக்கட்டும். டெஸ்க்டாப்பில் யுபிஎஸ் இல்லையென்றால் மழை வெறிக்கும்வரை பொறுங்கள். நம்ம ஊருக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா? வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும் என்பது என் கட்சி. லேப்டாப் வாங்கும்போது கூடவே வந்து, காலம் முடிந்து, தினமும் 'ரினியூ பண்ணு' என்று நச்சரிக்கிற ஆன்டிவைரஸை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, டிஃபெண்டர் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். 'கிராக்' போட்ட ஆன்டிவைரஸ் பக்கமே போகவேண்டாம்.

படி 2: பெயரில்லாத ஃபோல்டர்

பென்டிரைவைச் செருகி, திறக்காமல், அதன்மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரில் ஸ்கேன் கொடுங்கள். ஷார்ட்கட்டை அது தூக்கிவிடும். இப்போது திறந்தால் பென்டிரைவ் காலி!

இங்கேதான் எனக்கு அதிக நேரம் போனது. காலி என்று நினைத்து ஃபார்மட் போட்டால் சர்டிபிகேட் எல்லாம் போச்சு. ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். 'யூஸ்டு ஸ்பேஸ்' நிறையக் காட்டினால் ஃபைல்கள் பத்திரமாக உள்ளேயே இருக்கின்றன என்று அர்த்தம்.

அவற்றை எடுக்க, ஒளித்த ஃபைலை வெளியே காட்டவைக்கும் அட்ரிப் கமாண்டைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. டிரைவ் எழுத்தை மாற்றி அடித்தால் வேறு தலைவலி. நான் பயன்படுத்துவது செவன்-ஜிப் என்ற சாஃப்ட்வேர். இலவசம். எப்படி ஒளித்து வைத்த ஃபைலையும் அதன் ஃபைல் மேனேஜர் அப்படியே காட்டும். ஆனால் அதைத் தேடும்போது மேலே வரும் விளம்பரத்தை அழுத்திவிடாதீர்கள். அசல் தளத்தின் முகவரியில் 7-க்கும் ஜிப்புக்கும் நடுவே சிறு கோடு இருக்கும், முடிவில் டாட் ஆர்க்.

செவன்-ஜிப்பில் பென்டிரைவைத் திறந்தால் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இடைவெளி எழுத்து ஒன்றைத்தான் வைரஸ் அதற்குப் பெயராக வைத்திருக்கிறது. பார்த்தால் அதுதான் வைரஸ் என்று தோன்றும், டெலிட் பண்ணக் கை போகும். வேண்டாம்! உங்கள் ஃபைல்கள் எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. டெஸ்க்டாப்பில் புதிதாக ஒரு ஃபோல்டர் போடுங்கள். பெயரில்லாத ஃபோல்டருக்குள் போய், போட்டோ, பிடிஎஃப், வேர்ட் ஃபைல்களை மட்டும் தேர்ந்து எஃப்5 அழுத்தி அங்கே காப்பி செய்யுங்கள். இஎக்ஸ்இ, விபிஎஸ், ஜேஎஸ், எல்என்கே என்று முடியும் எதையும் காப்பி செய்யாதீர்கள், டபுள் கிளிக்கும் செய்யாதீர்கள்.

காப்பி செய்தவை திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள்.

படி 3: இனி வராமல் இருக்க

எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் செய்யுங்கள். அப்போதுதான் 'ஹால்டிக்கெட் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ' என்று வரும் கள்ளன் முழுப்பெயரோடு தெரிவான். கடைக்கென்று தனியாக ஒரு சின்ன பென்டிரைவ் வைத்து, அன்று பிரிண்ட் எடுக்க வேண்டியதை மட்டும் போட்டுக் கொண்டுபோங்கள். குடும்பப் போட்டோ, நிலப் பத்திரம் எல்லாம் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும். காப்பி முடிந்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். மாட்டியே வைத்திருந்தால், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும்.

இன்னும் விண்டோஸ் 10 என்றால், அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை தள்ளலாம்.

பிறகு சேர்த்தது

குளச்சலில் இருந்து ஒரு அக்கா: 'காப்பி செய்தேன், டெஸ்க்டாப்பில் காணவில்லை.' ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால் அதன் ஒளிவுத் தன்மையும் கூடவே வரும். அதனால்தான் புது ஃபோல்டர் போட்டு, உள்ளே இருக்கும் ஃபைல்களை மட்டும் எடுக்கச் சொன்னேன்.

இன்னொருவர், எல்லாம் செய்தும் வலது கீழ் மூலையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்' என்று வந்துகொண்டே இருக்கிறது என்றார். அநேகமாக அது வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளத்தில் 'அலோ' அழுத்தியிருப்பீர்கள். க்ரோமில் செட்டிங்ஸ், ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய், தெரியாத தளங்களை நீக்குங்கள். திரை முழுக்க எச்சரிக்கையும் ஒரு போன் நம்பரும் வந்தால் கூப்பிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதில்லை. ஏற்கெனவே பணம் போயிருந்தால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

ஃபார்மட் செய்யும்போது 'ரைட் ப்ரொடெக்டட்' என்று வருகிறதா? சில பென்டிரைவின் பக்கவாட்டில் சிறிய லாக் இருக்கும், தள்ளிப் பாருங்கள். லாக் இல்லாத பென்டிரைவ் என்றால் பெரும்பாலும் அதன் ஆயுசு முடிந்துவிட்டது, புதிது வாங்கிவிடுங்கள்.