வளவு வீட்டுக்குள் போன்சாய்: விளக்கு வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

செட்டிநாட்டில் குளிருக்குப் பயந்து போன்சாயை வீட்டுக்குள் எடுத்து வைக்க வேண்டியதில்லை. டிசம்பர் கடைசியில்கூடப் பகல் பதினொன்றரை மணி நேரம் இருக்கிறது. ஆலும் அரசும் இச்சியும், தடித்த இலையுள்ள ஜேடு செடியும் மார்கழிப் பனியை முற்றத்திலேயே தாங்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டி மண் ஊறிக் கிடந்து வேர் அழுகுவதுதான் இங்கே பிரச்சினை. இல்லாவிட்டால், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று வீட்டின் உள்கூடமான பட்டாலையில் வைக்கிற ஆசை. எதற்காக உள்ளே வந்தாலும் மரத்துக்குக் குறையப்போவது வெளிச்சம்தான். அதை ஈடுகட்டத்தான் எல்இடி விளக்கு.

ஜூனிப்பர், மேப்பிள் போன்ற குளிர்நாட்டு மரங்களுக்குக் கீழே வரும் விளக்குக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவற்றுக்குக் குளிரில் உறங்கும் காலம் வேண்டும். எந்த விளக்கும் அதைத் தராது. காரைக்குடியில் அவற்றை வாங்காமல் இருப்பதே நல்லது.

இருட்டை நம் கண் சரியாகச் சொல்லாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். உச்சி வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். பட்டாலையின் உட்புறத்தில் பல வீடுகளில் சில நூறு லக்ஸ்தான் தேறும்; பேப்பர் படிக்க அது போதும், மரம் இலை விடப் போதாது. லக்ஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். செல்போன் செயலி தோராயமாகத்தான் காட்டும்.

செடிக்குப் பயன்படும் ஒளியைப் பிபிஎஃப்டி என்ற அளவில் சொல்வார்கள்: ஒரு சதுர மீட்டரில் விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளி விழுகிறது என்ற கணக்கு. வெள்ளை எல்இடி என்றால் லக்ஸை 70-ஆல் வகுத்தால் ஏறக்குறைய அது கிடைத்துவிடும். ஆல், அரசு, இச்சி ஆகிய ஃபைகஸ் வகைகளுக்கு இலைமட்டத்தில் 200-லிருந்து 300 வரை, அதாவது 14,000 முதல் 21,000 லக்ஸ், நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் கொடுங்கள். 200 வைத்து 14 மணி நேரம் எரித்தால் ஒரு நாளைக்குச் சதுர மீட்டருக்கு 10 மோல் ஒளி சேரும் (ஒரு மோல் என்பது பத்து லட்சம் மைக்ரோமோல்). மரம் கொழுந்து விட அது போதும். அதில் பாதிதான் கிடைக்கிறது என்றால் மரம் உயிரோடு இருக்கும், அவ்வளவே.

இனி வாட். 2 அடிக்கு 2 அடி மேடை 0.37 சதுர மீட்டர். பிபிஎஃப்டி 300 வேண்டுமென்றால் விநாடிக்கு 111 மைக்ரோமோல் அந்த இடத்தில் விழ வேண்டும். நல்ல எல்இடி விளக்குப் பலகை, அதாவது பேனல், ஒரு வாட்டுக்கு 2.5 மைக்ரோமோல் தரும். ஆக 45 வாட். பக்கவாட்டில் சிதறுவதையும் சேர்த்து 60 வாட் வாங்குங்கள். 14 மணி நேரம் எரித்தால் ஒரு நாளைக்கு 0.84 யூனிட், இரண்டு மாத பில்லில் 50 யூனிட் கூடும். பெட்டியில் '1000 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருந்தால் மயங்க வேண்டாம். உண்மையில் இழுக்கும் வாட்டும், ஒரு வாட்டுக்கு எத்தனை மைக்ரோமோல் என்பதும் எங்கே அச்சாகியிருக்கிறது என்று தேடுங்கள். இரண்டும் இல்லாத பெட்டியை அங்கேயே வைத்துவிடலாம்.

நிறத்தில் 4000 முதல் 5000 கெல்வின் வெள்ளை போதும். ஊதா விளக்கிலும் மரம் வளரும்; ஆனால் அதன் கீழே பழுத்த இலையும் பச்சை இலையும் ஒன்றுபோலத் தெரியும், இலைக்காம்பில் ஒட்டிய மாவுப்பூச்சி கண்ணில் படாது. வீட்டுக்குள் இருக்கும் இச்சிக்கு மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும்தான் முதல் எதிரி.

பேனலை மரத்தின் உச்சிக்கு 18 அங்குலம் மேலே தொங்கவிட்டு அளந்து பாருங்கள். உச்சியில் மட்டும் அளந்து திருப்திப்படுகிறவர்கள்தான் அதிகம். மீட்டரை அடிக்கிளைக்குக் கீழிறக்கினால் எண் பாதியாக விழுந்திருக்கும். போன்சாயில் முதலில் காய்வது அந்தக் கிளைதான், திரும்ப வளர்க்க வருஷக்கணக்காகும். அதனால் அடிக்கிளையில் 150-ஆவது வருகிறதா என்று பார்த்து உயரத்தை வையுங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்புங்கள்.

தொங்கவிட ஊஞ்சல் கொக்கி இருந்தால் அதிலிருந்து சங்கிலி இறக்கலாம். இல்லையென்றால் இரும்பு ஸ்டாண்ட். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய பழைய சுண்ணாம்புச் சுவரில் மட்டும் துளை போடாதீர்கள். பெயர்ந்தால் அதே வழவழப்பைத் திரும்பப் பூசக் கொத்தனார் கிடைப்பது கஷ்டம். தொட்டிக்கு அடியில் விளிம்புள்ள தட்டு கட்டாயம். உரத் தண்ணீர் தேங்கினால் ஆத்தங்குடிக் கல்லில் உப்புக்கறை பிடித்துவிடும்.

டைமர் போட்டுவிடுங்கள், கையால் போட்டு அணைப்பது நான்கு நாளைக்குத்தான் நடக்கும். காகிதப்பூ இருந்தால் அதற்குத் தனி டைமர்: பகல் நீண்டால் அது பூக்காமல் இலையாகத் தள்ளும், 11 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

உள்ளே கொண்டுவந்த இரண்டு வாரத்துக்குள் இச்சி இலை கொட்டும். பதறித் தண்ணீரைக் கூட்டினால் வேர் போய்விடும். உள்ளே மண் மெதுவாகத்தான் காயும், விரல்நுனி அளவு காய்ந்த பிறகே ஊற்றுங்கள். புதுக் கொழுந்தில் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டால் வெளிச்சம் குறைவு, விளக்கை இறக்குங்கள். உச்சி இலை மட்டும் வெளிறினால் மூன்று அங்குலம் ஏற்றுங்கள்.

பொங்கல் கழிந்து வெளியே எடுக்கும்போது நேரே வெயிலில் வைத்தால் விளக்கில் வளர்ந்த இலை ஒரே நாளில் கருகும். முதல் பத்து நாள் தாழ்வாரத்து நிழல், அடுத்த வாரம் காலை வெயில் மட்டும், அதன் பிறகு முற்றம்.