டீக்கடையில் முடிவாகும் புரமோஷன்: பெண்கள் விஷயத்தில் நடக்கும் நெட்வொர்க்கிங் தவறுகள்

வேலையை ஒழுங்காகப் பார்த்தால் புரமோஷன் தானாக வரும் என்று காத்திருப்பதுதான் முதல் தவறு. ஆசியாவிலுள்ள ஒரு பெரிய வங்கியின் ஊழியர் விவரங்களை ஸோயி கல்லன், ரிகார்டோ பெரெஸ்-ட்ருக்லியா என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் அலசினார்கள். ஆண் மேனேஜரிடம் போய்ச் சேர்ந்த ஆண்கள், பெண் மேனேஜரிடம் சேர்ந்த ஆண்களைவிட வேகமாக மேலே போனார்கள். பெண்களுக்கோ மேனேஜர் ஆணோ பெண்ணோ, வேகத்தில் வித்தியாசமே இல்லை. அந்த ஆண்கள் கூடுதலாக உழைத்ததாகவும் தெரியவில்லை. சிகரெட் பழக்கமுள்ள ஆண், அதே பழக்கமுள்ள ஆண் மேனேஜரின் கீழ் வந்தபோது இடைவேளையைச் சேர்ந்து கழிப்பதும் கூடியது, பதவி உயர்வும் கூடியது.

இதைப் படித்துவிட்டு "அப்போ நீங்களும் டீக்கடையில் போய் நில்லுங்கள்" என்று பெண்களுக்கு அறிவுரை சொல்வது அடுத்த தவறு. பெரும்பாலான கட்டுரைகள் இங்கேதான் வழுக்குகின்றன. புது ப்ராஜெக்ட் யாருக்கு என்பது டீக்கடையில் பேசி முடிந்து, மறுநாள் மீட்டிங்கில் வெறும் அறிவிப்பாக வருகிறது என்றால், திருந்த வேண்டியவர் மேனேஜர். காலியிடத்தை எல்லோருக்கும் மெயில் போட்டுச் சொல்லலாம். டீமில் ஒவ்வொருவருக்கும் அலுவலக நேரத்திலேயே அரை மணி நேரம் ஒதுக்கலாம். இரவு எட்டு மணி டின்னரில்தான் மனம் திறப்பேன் என்பவரிடம், வீட்டில் குழந்தை காத்திருக்கும் பெண் எப்படிப் போட்டி போடுவார்?

சரி, பெண்கள் தங்கள் பக்கம் என்ன செய்யலாம்? லிங்க்ட்இனில் ஆயிரம் பேரைச் சேர்ப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அமெரிக்காவின் ஒரு முன்னணி பிசினஸ் ஸ்கூல் மாணவர்களைப் பற்றி 2019-இல் வெளியான ஆய்வில், பரவலான தொடர்பு இருந்தாலே ஆண்களுக்கு நல்ல பதவி கிடைத்தது. பெண்களுக்கு அது போதவில்லை. நெருங்கிய வட்டத்தில் பெண்களும் தேவைப்பட்டார்கள். எந்த நிறுவனத்தில் பெண்களை எப்படி நடத்துகிறார்கள், இன்டர்வியூவில் எதைக் கிளறுவார்கள் என்பதெல்லாம் இந்த வட்டத்தில்தான் கிடைக்கும். ஆனால் ஒரே டீமின் நான்கு தோழிகள் சேர்ந்த வாட்ஸ்அப் குழு இதற்கு உதவாது; நால்வருக்கும் தெரிந்தது ஒரே செய்திதானே! ஆளுக்கொரு துறையில் இருந்தால்தான் பயன்.

அப்புறம், ஆலோசனை சொல்பவரையும் (மென்டார்) சிபாரிசு செய்பவரையும் ஒன்றாக நினைப்பதும் தவறு. மென்டார் உங்களிடம் பேசுவார். நீங்கள் இல்லாத அறையில் உங்களுக்காகப் பேசுபவர் வேறு ஆள். பல பெண்களுக்கு முன்னவர் நிறையவே உண்டு, பின்னவர்தான் இல்லை. நேராகக் கேட்பதில் தப்பில்லை: "சார், டீம் லீட் இடம் காலியாகிறது என்றார்கள். அந்தப் பேச்சு வரும்போது என் பெயரைச் சொல்வீர்களா?" அவர் தயங்கினால், எது குறைகிறது என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

மகப்பேறு விடுப்பில் தொடர்பை முழுதாக அறுத்துக்கொள்வதும் நடக்கிறது. இந்தியச் சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் கிடைக்கும். அதற்குள் டீமே மாறிப்போகலாம். ஆபீஸ் வேலை எதையும் தொட வேண்டாம். திரும்பும் தேதிக்கு ஒரு மாதம் முன்பு, வேலைகளைப் பிரித்துக் கொடுப்பவருக்கு ஒரு போன் போடுங்கள்.