இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்கிடலாம்

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து விமான தூரத்தை அளக்காதீர்கள். உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்த படம் அது. துருவப் பக்கம் போகப் போக எல்லாம் இழுபட்டிருக்கும். சைன், காஸ் உள்ள கால்குலேட்டர் ஒன்று போதும். இடைநில்லாப் பயணிகள் சேவைகளில் உலகிலேயே நீளமான சிங்கப்பூர் சாங்கி – நியூயார்க் கென்னடி வழித்தடத்தையே எடுத்துக்கொள்வோம்.

1. இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

சாங்கி: அட்சரேகை 1.36, தீர்க்கரேகை 103.99. கென்னடி: அட்சரேகை 40.64, தீர்க்கரேகை −73.78. மேற்கும் தெற்கும் எப்போதும் மைனஸ். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். அந்த மைனஸை விட்டுவிட்டால் விடை சுமார் 5,320 கி.மீ. என்று வரும், பார்க்க நம்பும்படி இருப்பதால் பிழை கண்ணில் படாது.

2. தூரம்

கால்குலேட்டர் டிகிரி மோடில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரேடியன் என்ற வேறு கோண அளவில் இருந்தால் எல்லாமே தப்பாகும்.

தீர்க்கரேகை வித்தியாசம்: 103.99 − (−73.78) = 177.77.

இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.01546. அடுத்து அவற்றின் காஸ்களைப் பெருக்கி, அதை 177.77-இன் காஸால் பெருக்குங்கள்: −0.75803. இரண்டையும் கூட்டினால் −0.74257. இதன் தலைகீழ் காஸ் (கால்குலேட்டரில் cos⁻¹ பொத்தான்) 137.95 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.19 கி.மீ. வீதம் 15,339 கி.மீ.

பூமி துருவங்களில் சற்றே தட்டையானது என்பதால் இந்த முறையில் அரை சதவீதம் வரை வித்தியாசம் வரலாம். நேரம் கணக்கிட அது பொருட்டில்லை.

சரிபார்க்க, 30 செ.மீ. விட்டமுள்ள பூகோள உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடியுங்கள். ஏறக்குறைய 36 செ.மீ. வரும். நூல் பசிபிக் பக்கம் போகாமல் நேரே வடக்கே ஏறி, சைபீரியாவைத் தாண்டி, வட துருவத்தை உரசிக்கொண்டு கனடா வழியாக இறங்குவதைக் காணலாம்.

3. பறக்கும் நேரம்

நீண்டதூர ஜெட் விமானத்துக்கு மணிக்கு 900 கி.மீ. வைத்துக்கொள்ளுங்கள். 15,339 ÷ 900 = 17.04. இது 17 மணி 4 நிமிடம் அல்ல; 0.04 மணி என்பது 2 நிமிடம்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது ஆகியவற்றுக்கு அரை மணி சேர்த்தால் பதினேழரை மணி.

ஆனால் கால அட்டவணையில் பதினெட்டரை மணிக்கு மேல் போட்டிருப்பார்கள். முக்கியக் காரணம் காற்று. சராசரியாக மணிக்கு 50 கி.மீ. எதிர்காற்று அடித்தாலே 17 மணி நேரம் 18 மணி நேரமாகிவிடும். அதனால் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றோட்டம் வாகாக இருக்கும் நாளில், நியூயார்க் போகும் விமானம் தூரம் கூடினாலும் பசிபிக் பக்கமாகச் சுற்றிப் போகும். மூடிய வான்வெளிகளும் பாதையை நீட்டும்.

4. இறங்கும் நேரம்

சிங்கப்பூர் நேரத்தில் கூட்டிவிட்டுக் கடைசியில் மாற்றுங்கள். பகல் 12 மணிக்குக் கிளம்பி 18 மணி 40 நிமிடம் பறந்தால் சிங்கப்பூரில் மறுநாள் காலை 6.40. நியூயார்க் கோடையில் 12 மணி நேரம் பின்தங்கியது, ஆகவே அங்கே அதே நாள் மாலை 6.40. குளிர்காலத்தில் வித்தியாசம் 13 மணி, மாலை 5.40. மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரம் மாறும் வாரங்களில் டிக்கெட் எடுத்தவர்கள், விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போகிறவரிடம் இந்த ஒரு மணி நேரத்தைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.