யூனிக்ஸ் சர்வரில் டேப் லைப்ரரி அமைக்கும் முறை: தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை விளக்கம்

2011 பிப்ரவரியில் ஜிமெயில் பயன்படுத்துவோரில் 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல் பெட்டிகள் திடீரெனக் காலியாயின. அந்த அஞ்சல்களுக்குப் பல தரவு மையங்களில் படிகள் இருந்தன. ஆயினும், சேமிப்பு மென்பொருளின் புதிய பதிப்பில் புகுந்த ஒரு பிழை அந்தப் படிகளையும் சேர்த்தே பாதித்தது. கூகுள் நிறுவனம் கடைசியில் டேப் எனும் காந்த நாடாவிலிருந்துதான் அவற்றை மீட்டது. ஓடிக்கொண்டிருக்கும் எந்த மென்பொருளின் கைக்கும் எட்டாத தொலைவில் டேப் இருந்ததுதான் காரணம். வட்டுகள் மலிந்துவிட்ட இக்காலத்திலும், பல டேப்களை அடுக்கிவைத்து ரோபோ கையால் ஏற்றி இறக்கும் பெட்டியான டேப் லைப்ரரியைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

யூனிக்ஸ் வழிவந்த டெபியன் லினக்ஸ் சர்வர் ஒன்றில், எல்.டி.ஓ. எனும் டேப் வகையின் எட்டாம் தலைமுறையான எல்.டி.ஓ.-8 டேப்பைப் படித்து எழுதும் ஒரு டிரைவும், டேப்களை வைக்கும் 24 ஸ்லாட்டுகளும் கொண்ட லைப்ரரியை எஸ்.ஏ.எஸ். கேபிள் வழியாக இணைப்பதை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். கட்டளைகளை அவற்றின் ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டவும். கட்டளைகளிலும் சாதனப் பெயர்களிலும் தனியெழுத்தாக வரும் ‘டி’ என்பது, டேப் என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. பேக்கப் மென்பொருளை நிறுவுவதற்கு முன், டேப்பைக் கட்டளை வரியிலிருந்தே ஏற்றவும் எழுதவும் படிக்கவும் இறக்கவும் பழகிவிடுங்கள். அந்தப் பழக்கம் இல்லாமல் நேரடியாக மென்பொருளுக்குள் நுழைந்தவர், முதல் பிழைச்செய்தி வந்ததும் கோளாறு கேபிளிலா, டிரைவிலா, மென்பொருளிலா என்று தெரியாமல் நாள்கணக்கில் தேட நேரிடும்.

இணைப்பதற்கு முன்

எல்.டி.ஓ.-8 டேப் ஒன்றின் உண்மையான கொள்ளளவு 12 டெராபைட். உறையில் அச்சிட்டிருக்கும் 30 டெராபைட் என்பது, தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. ஒளிப்படங்கள், காணொளிகள் போல ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்புகள் மேலும் சுருங்குவதில்லை. ஆகவே எத்தனை டேப் வேண்டும் என்பதை 12 டெராபைட்டை வைத்தே கணக்கிடுங்கள். எந்தத் தலைமுறை டிரைவ் எந்தத் தலைமுறை டேப்பைப் படிக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். எல்.டி.ஓ.-7 வரையிலான டிரைவுகள் தமக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்களைப் படித்தன. எல்.டி.ஓ.-8 டிரைவோ எல்.டி.ஓ.-7, எல்.டி.ஓ.-8 ஆகிய இரண்டை மட்டுமே படிக்கும். அலமாரியில் எல்.டி.ஓ.-6 டேப்கள் இருந்தால் பழைய டிரைவைக் கழித்துவிடாதீர்கள்.

சர்வரில் எச்.பி.ஏ. எனப்படும் எளிய எஸ்.ஏ.எஸ். அட்டையைப் பொருத்துங்கள். பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அட்டைகளில் பல, டேப் டிரைவை ஏற்பதில்லை. லைப்ரரியின் ரோபோ கை பயணத்தில் ஆடாமலிருக்க ஒரு பூட்டோ திருகாணியோ போட்டு அனுப்பியிருப்பார்கள். மின்சாரம் கொடுப்பதற்கு முன் அதைக் கழற்றிவிட வேண்டும். வெளியிலிருந்து வந்த டேப்களை அறையின் வெப்பநிலைக்கு வர ஒரு நாள் விட்டுவைப்பது நல்லது.

ஒவ்வொரு டேப்பிலும் பார்கோடு ஒட்டுங்கள். அதில் எட்டு எழுத்துகள் இருக்கும். முதல் ஆறு உங்கள் விருப்பம், கடைசி இரண்டு தலைமுறையைக் குறிக்கும் ‘எல்8’. சுத்தம் செய்யும் டேப்பின் பார்கோடு ‘சி.எல்.என்.’ என்று தொடங்க வேண்டும். பார்கோடுக்கென்று குழிவாக விடப்பட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் எந்தச் சீட்டையும் ஒட்டாதீர்கள். அது உரிந்து டிரைவுக்குள் சிக்கிக்கொள்ளும்.

சர்வருக்கு லைப்ரரி தெரிகிறதா?

‘எல்.எஸ்.ஸ்கஸி’, ‘எம்.டி.எக்ஸ்.’, ‘எம்.டி.-எஸ்.டி.’, ‘எம்பஃபர்’ ஆகிய நான்கு தொகுப்புகளையும் நிறுவுங்கள். டெபியனில் ‘சிபியோ’ தொகுப்புடனும் ஒரு ‘எம்.டி.’ கட்டளை வருகிறது. லினக்ஸ் டேப் டிரைவுகளுக்கென்றே எழுதப்பட்டது ‘எம்.டி.-எஸ்.டி.’ தொகுப்பில் உள்ளது என்பதால் அதையே பயன்படுத்தவும்.

பின்னர் ‘எல்.எஸ்.ஸ்கஸி’ கட்டளையை ‘-ஜி’ என்ற தெரிவுடன் இயக்குங்கள். ‘டேப்’ என்று ஒரு வரியும் ‘மீடியம்எக்ஸ்’ என்று ஒரு வரியும் வர வேண்டும். முதலாவது டிரைவ், இரண்டாவது ரோபோ கை. டிரைவின் வரியில் ‘எஸ்.டி.0’ என்ற பெயரும், ரோபோவின் வரியில் ‘எஸ்.ஜி.3’ போன்ற பெயரும் காணப்படும். டிரைவ் மட்டும் தெரிந்து ரோபோ தெரியாவிட்டால் கேபிளைக் குறைசொல்லாதீர்கள். சிறிய லைப்ரரிகளில் ரோபோவுக்குத் தனி இணைப்பு கிடையாது. டிரைவின் முகவரிக்குள்ளேயே 1 என்ற துணை எண்ணில், அதாவது ‘லன் 1’ ஆக, அது இருக்கும். ஒரு சாதனத்தில் பல லன்களைத் தேடும் வசதி எச்.பி.ஏ. அட்டையில் அணைந்திருந்தால் ரோபோ கண்ணில் படாது.

‘எஸ்.ஜி.3’ போன்ற பெயர்கள் நிலையானவை அல்ல. சர்வரை மறுதொடக்கம் செய்தால் அவை மாறிவிடலாம். ‘டெவ்’ அடைவின் ‘டேப்’ உள்ளடைவில் ‘பை-ஐடி’ என்ற இடத்தில், வரிசை எண்ணை அடிப்படையாகக் கொண்ட நிலையான பெயர்கள் கிடைக்கும். உள்ளமைவுக் கோப்புகளில் அவற்றையே எழுதுங்கள். இவை லினக்ஸுக்குரிய பெயர்கள். வேறொரு யூனிக்ஸ் வகையான ஃப்ரீபிஎஸ்டியில் டிரைவின் பெயர் ‘எஸ்.ஏ.0’, ரோபோவின் பெயர் ‘சி.எச்.0’, அதை இயக்கும் கட்டளை ‘சியோ’. சோலாரிஸ் என்ற மற்றொரு வகையில் டிரைவுகள் ‘ஆர்.எம்.டி.’ என்ற அடைவில் இருக்கும்.

கட்டளை வழியே ஏற்றி இறக்குதல்

‘எம்.டி.எக்ஸ்.’ கட்டளைக்கு ‘-எஃப்’ தெரிவுடன் ரோபோவின் பெயரைக் கொடுத்து, ‘ஸ்டேட்டஸ்’ என்று முடியுங்கள். எந்த ஸ்லாட்டில் எந்தப் பார்கோடு உள்ளது என்ற பட்டியல் வரும். ஸ்லாட்டுகளின் எண் 1-இலிருந்து தொடங்கும். டிரைவுகளின் எண் 0-இலிருந்து தொடங்கும். முதல் ஸ்லாட்டில் உள்ள டேப்பை முதல் டிரைவில் ஏற்ற வேண்டுமானால் ‘லோட் 1 0’ என்று கொடுக்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

ஏற்றியபின் ‘எம்.டி.’ கட்டளையால் டிரைவின் நிலையைக் கேளுங்கள். ‘ஆன்லைன்’, ‘பி.ஓ.டி.’ ஆகிய சொற்கள் தெரிந்தால், டேப் தொடக்கத்தில் நின்று ஆயத்தமாக இருக்கிறது என்று பொருள். நீங்கள் வாங்கியது எல்.டி.ஓ.-9 என்றால், புதிய டேப்பை முதன்முறை ஏற்றும்போது டிரைவ் அதை அளந்து பதம் பார்த்துக்கொள்ள இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். டிரைவ் உறைந்துவிட்டதென்று எண்ணி நடுவே மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள்.

இறக்கும்போது, முதலில் ‘எம்.டி.’ கட்டளையின் ‘ஆஃப்லைன்’ மூலம் டேப்பைச் சுருட்டி வெளியே தள்ளச் செய்யுங்கள். அதன் பிறகு ‘எம்.டி.எக்ஸ்.’ கட்டளையின் ‘அன்லோட் 1 0’ மூலம் ரோபோவை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சில லைப்ரரிகள் முதல் படியைத் தாமே செய்துகொள்ளும், சில செய்யாது. இரண்டையும் செய்வதால் எந்தத் தீங்கும் இல்லை.

கையில் லைப்ரரி இல்லாதவர்கள் ‘எம்.எச்.வி.டி.எல்.’ என்ற திறமூல மென்பொருளை நிறுவினால், சர்வருக்குள்ளேயே ஒரு மெய்நிகர் லைப்ரரி தோன்றும். மேலே சொன்ன கட்டளைகளை அதில் அச்சமின்றிப் பழகலாம்.

‘எஸ்.டி.0’, ‘என்.எஸ்.டி.0’: ஓர் எழுத்தின் விலை

ஒரே டிரைவுக்கு லினக்ஸ் இரண்டு பெயர்களைத் தருகிறது. ‘எஸ்.டி.0’ வழியாக எழுதினால், எழுதி முடித்த உடனே டேப் தானாகவே தொடக்கத்துக்குச் சுருண்டுவிடும். ‘என்.எஸ்.டி.0’ வழியாக எழுதினால், முடித்த இடத்திலேயே நிற்கும். நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில், இரவுதோறும் ஓடிய பேக்கப் நிரல் ‘எஸ்.டி.0’ பெயரைப் பயன்படுத்தியது. ஒவ்வோர் இரவும் பிழைச்செய்தி இன்றி நிறைவுற்றது. ஒவ்வோர் இரவும் முந்தைய இரவின் பேக்கப்பின் மேலேயே எழுதியது. பழைய கோப்பு ஒன்று தேவைப்பட்ட நாளில்தான் டேப்பில் ஒரே ஓர் இரவின் தரவு மட்டுமே இருப்பது தெரியவந்தது. அன்றிலிருந்து என் நிரல்களில் ‘என்.எஸ்.டி.0’ தவிர வேறு பெயரை நான் எழுதியதில்லை.

எழுதிப் பார்த்தல்

கோப்புகளை ஒரே தொகுப்பாகக் கட்டும் ‘டார்’ கட்டளையின் பெயரே டேப் ஆர்கைவ் என்பதன் சுருக்கம். 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்தே அது இருந்துவருகிறது. அது இயல்பாக 10,240 பைட் கொண்ட சிறு துண்டுகளாக எழுதும். இன்றைய டிரைவுகளுக்கு அது மிகவும் சிறியது. ‘-பி 512’ என்ற தெரிவைச் (‘பி’ என்பது பிளாக் என்பதன் முதலெழுத்து) சேர்த்தால் ஒவ்வொரு துண்டும் 256 கிலோபைட் ஆகும். அதற்கு முன் ‘எம்.டி.’ கட்டளையின் ‘செட்பிஎல்கே 0’ மூலம், டிரைவ் எந்த அளவுத் துண்டையும் ஏற்கும்படி செய்துவிடுங்கள். படிக்கும்போதும் அதே 512-ஐக் கொடுக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். கொடுக்காவிட்டால் நினைவகம் ஒதுக்க இயலவில்லை என்ற பிழை வரும். சர்வரின் நினைவகத்துக்கும் அந்தப் பிழைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. துண்டு பெரிது, அதைப் பிடிக்கும் பாத்திரம் சிறிது, அவ்வளவே.

அடுத்தது வேகம். எல்.டி.ஓ.-8 டிரைவ் நொடிக்கு 360 மெகாபைட் வரை எழுதும். அந்த வேகத்தில்கூட ஒரு டேப் நிறைய ஒன்பது மணி நேரத்துக்கு மேலாகும். ஒரு கிகாபிட் நெட்வொர்க்கின் வழியே நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் வரவே முடியாது. தரவு மெதுவாக வந்தால் டிரைவ் முதலில் தன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அதற்கும் ஈடுகொடுக்க முடியாதபோது டேப்பை நிறுத்தி, பின்னோக்கிச் சுருட்டி, மீண்டும் ஓட்டி எழுதத் தொடங்கும். இப்படி முன்னும் பின்னும் இழுபடுவதால் டேப்பும் தேயும், டிரைவின் தலையும் தேயும். இதைத் தவிர்க்க, ‘டார்’ தரும் தரவை, நினைவகத்தில் தேக்கிவைக்கும் ‘எம்பஃபர்’ வழியாக அனுப்புங்கள். ‘-எம்’ தெரிவால் 4 கிகாபைட் நினைவகமும், ‘-எஸ்’ தெரிவால் 256 கிலோபைட் துண்டும் கொடுத்து, ‘-பி’ தெரிவுக்கு 90 என்று குறிப்பிட்டால், அந்த நினைவகம் 90 விழுக்காடு நிரம்பிய பின்னரே எழுதத் தொடங்கும். இந்த ‘-பி’ மட்டும் பேரெழுத்து, பெர்சென்ட் என்பதன் முதலெழுத்து. தொலைவிலுள்ள சர்வர்களின் தரவை முதலில் உள்ளூர் எஸ்.எஸ்.டி.யில் சேர்த்து, அங்கிருந்து டேப்புக்கு எழுதுவது இதைவிடச் சிறந்தது.

தரவைச் சுருக்கும் வேலையை டிரைவே செய்துவிடும்; ‘ஜிஸிப்’ தேவையில்லை.

‘டார்’ ஒவ்வொரு முறை எழுதி முடிக்கும்போதும் டேப்பில் ஒரு கோப்புக்குறி விழும். இரண்டாவது தொகுப்பைப் படிக்க, ‘எம்.டி.’ கட்டளைக்கு ‘ஏ.எஸ்.எஃப். 1’ என்று கொடுங்கள். எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்குவதால் 1 என்பது இரண்டாவது தொகுப்பு. இந்தக் கட்டளை டேப்பைத் தொடக்கத்துக்குச் சுருட்டி, அங்கிருந்து எண்ணிச் சென்று நிற்கும் என்பதால், தற்போது எங்கே நிற்கிறோம் என்ற ஐயத்துக்கு இடமில்லை. பின்னர் ‘டார்’ கட்டளையின் ‘-டி’ தெரிவால் பட்டியலைப் பாருங்கள். வட்டிலுள்ள மூலக் கோப்புகளுடன் ஒப்பிட விரும்பினால் ‘--கம்பேர்’ தெரிவைக் கையாளுங்கள். இவ்வளவும் பிழையின்றி நடந்தால் உங்கள் வன்பொருள் நலமாக உள்ளது.

பேகுலாவிடம் ஒப்படைத்தல்

கெர்ன் சிபால்ட் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய திறமூல பேக்கப் மென்பொருள் பேகுலா. அதில் மூன்று பகுதிகள் உண்டு: வேலைகளைத் திட்டமிடும் டைரக்டர், ஒவ்வொரு சர்வரிலும் கோப்புகளைப் படிக்கும் ஃபைல் டீமன், டேப்பில் எழுதும் ஸ்டோரேஜ் டீமன். (டீமன் என்பது பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்.) அவை முறையே 9101, 9102, 9103 ஆகிய போர்ட்களைப் பயன்படுத்துகின்றன.

ஸ்டோரேஜ் டீமனின் உள்ளமைவுக் கோப்பில், டிவைஸ் பகுதியில் ‘என்.எஸ்.டி.’ வகையின் நிலையான பெயரையும், ஆட்டோசேஞ்சர் பகுதியில் ரோபோவின் நிலையான பெயரையும் எழுதுங்கள். ரோபோவை இயக்க, பேகுலாவுடன் வரும் ‘எம்.டி.எக்ஸ்.-சேஞ்சர்’ என்ற சிறு நிரலைக் குறிப்பிட வேண்டும். நீங்கள் மேலே தட்டிப் பழகிய அதே ‘எம்.டி.எக்ஸ்.’ கட்டளையைத்தான் அது அழைக்கிறது. மீடியா டைப் என்ற பெயர் டைரக்டரின் கோப்பிலும் ஸ்டோரேஜ் டீமனின் கோப்பிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். டீமன் எந்தப் பயனர் கணக்கில் இயங்குகிறதோ, அந்தக் கணக்கு ‘டேப்’ குழுவில் இருக்க வேண்டும்.

இப்போது ‘பிடேப்’ கருவியின் ‘டெஸ்ட்’ சோதனையை இயக்குங்கள். அது டேப்பில் உள்ளதை அழித்து எழுதும் என்பதால் வெற்று டேப்பையே ஏற்றுங்கள். சோதனை தேறியதும், பேகுலாவின் கட்டளைச் சாளரமான ‘பிகன்சோல்’ உள்ளே ‘லேபல் பார்கோட்ஸ்’ என்று கொடுத்து, எல்லா டேப்களையும் ‘ஸ்க்ராட்ச்’ என்ற பொதுத் தொகுதியில் சேருங்கள். ‘சி.எல்.என்.’ என்று தொடங்குபவை சுத்தம் செய்பவை எனப் பேகுலா அறிந்துகொள்ளும். வேலைகளில் ‘ஸ்பூல் டேட்டா’ வசதியை இயக்கிவிட்டால், முன்பு சொன்ன எஸ்.எஸ்.டி. ஏற்பாட்டை அதுவே செய்துகொள்ளும்.

பேகுலாவின் பட்டியல் தரவுத்தளத்தையும் நாள்தோறும் பேக்கப் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். அது தொலைந்தாலும் ‘பிஸ்கேன்’ கருவியால் டேப்களிலிருந்து மீண்டும் உருவாக்கலாம். ஆனால் அதற்காக ஒவ்வொரு டேப்பையும் முழுவதுமாகப் படிக்க வேண்டும், நிறைந்த டேப் ஒன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கும் மேல்.

பராமரிப்பும் மீட்பு ஒத்திகையும்

டிரைவ் கேட்கும்போது மட்டும் சுத்தம் செய்யுங்கள். ‘டேப்இன்ஃபோ’ கட்டளை காட்டும் எச்சரிக்கைகளில் அந்தக் கோரிக்கை தெரியும். சுத்தம் செய்யும் டேப் தலையை உரசியே அழுக்கெடுக்கிறது என்பதால், வாராவாரம் போடுவது நன்மையல்ல.

லைப்ரரிக்குள் இருக்கும் டேப் முழுப் பாதுகாப்பில் இல்லை என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். சர்வரின் முழு அதிகாரம் கொண்ட ரூட் கணக்கைக் கைப்பற்றியவர் ரோபோவையும் கைப்பற்றியவராகிறார். அவரால் ஒவ்வொரு டேப்பாக ஏற்றி அழிக்க முடியும். ஆகவே வாரம் ஒரு தொகுப்பையாவது வெளியே எடுத்து, எழுத்துத் தடுப்புப் பொத்தானைத் தள்ளி, வேறு கட்டடத்தில் வையுங்கள். நீண்டகாலச் சேமிப்புக்கு 16 முதல் 25 பாகை செல்சியஸ் வெப்பமும், 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமும் உகந்தவை. கடலோர ஊர்களில் சாதாரண அலமாரி இதற்குப் போதாது. ஈரம் நீக்கும் வசதி வேண்டும். கீழே விழுந்த டேப்பில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். எல்.டி.ஓ.-4 முதல் டிரைவிலேயே ஏ.இ.எஸ்.-256 குறியாக்கம் செய்யலாம். செய்தால் சாவியைத் தாளில் அச்சிட்டு, டேப் இருக்கும் இடத்திலன்றி வேறிடத்தில் பூட்டி வையுங்கள்.

2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்களின் நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக நேரடித் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அங்கே ஐந்து வகையான காப்பு ஏற்பாடுகள் இருந்தும், எதுவும் எதிர்பார்த்தபடி செயல்படவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காக எடுத்த படி ஒன்றுதான் கைகொடுத்தது. ஆகவே மாதம் ஒருமுறை மீட்டுப் பாருங்கள். வெளியே வைத்திருக்கும் டேப் ஒன்றை வரவழைத்து, அஞ்சல் ஸ்லாட் எனப்படும் வாயில் வழியாக உள்ளே செலுத்தி, பேகுலாவில் ‘அப்டேட் ஸ்லாட்ஸ்’ கொடுங்கள். பிறகு, யாரேனும் ஒருவர் எந்த முன்னறிவிப்புமின்றிச் சொல்லும் ஒரு கோப்பை, தனி அடைவில் மீட்டெடுத்து, திறந்து பாருங்கள். மீட்க எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும், டேப்பின் பார்கோடையும், அன்றைய தேதியையும் லைப்ரரியின் மேலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, டேப்பை அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.