ரீமேப் செய்த காருக்கு எந்த மீட்டர்? எர்த் சரியில்லை என்றால் முள் பொய் சொல்லும்

டர்போ காரை ரீமேப் (சக்தி கூட இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) செய்தாகிவிட்டது, டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் டவுன்பைப்பும் மாற்றியாகிவிட்டது. அடுத்து டேஷ்போர்டில் இரண்டு மூன்று மீட்டர் வைக்க ஆசை வரும். எவை தேவை, எவை வெட்டிச் செலவு என்று பார்ப்போம்.

கம்பெனி வைத்த கூலன்ட் முள்ளை நம்பாதீர்கள். பெரும்பாலான கார்களில் சுமார் 75 முதல் 105 டிகிரி வரை அது நடுவிலேயே நிற்கும். வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆயில் விளக்கும் அதே ரகம். பல இன்ஜின்களில் அழுத்தம் அரை பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) கீழே போனால்தான் எரியும். 5000 ஆர்பிஎம்மில் 1 பார்தான் இருக்கிறது என்றால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது, விளக்கோ அணைந்தே இருக்கும்.

படி 1: முதலில் ஓபிடி

ஓபிடி என்பது காரின் கம்ப்யூட்டரிலிருந்து தகவல் எடுக்கும் சாக்கெட். அதில் மாட்டும் ஒரு புளூடூத் அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் போதும். கூலன்ட் வெப்பம், உள்ளே போகும் காற்றின் வெப்பம், பல டர்போ கார்களில் மேனிஃபோல்ட் அழுத்தம் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) எல்லாம் கிடைத்துவிடும். இவற்றுக்குத் தனி மீட்டர் வாங்குவது அலங்காரம்தான். ஆயில் பிரஷர் பெரும்பாலும் ஓபிடியில் வராது. ஆயில் வெப்பமும் எல்லா காரிலும் வராது. காசை அங்கே போடுங்கள்.

என் வரிசை: ஆயில் பிரஷர், ஆயில் வெப்பம், பிறகு பெட்ரோல் என்றால் வைட்பேண்ட் (புகையில் உள்ள ஆக்சிஜனை வைத்து காற்று-பெட்ரோல் விகிதம் காட்டுவது), டீசல் என்றால் டர்போவுக்கு முன்னால் புகை வெப்பம். டர்போ அழுத்தம் காட்டும் பூஸ்ட் மீட்டர் கடைசி.

ஆயில் வெப்பம் ஏன் இரண்டாவது? கத்திரி வெயிலில் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் மிதித்து ஏறிப் பாருங்கள். ரேடியேட்டர் ஃபேன் கூலன்டை 95-லேயே பிடித்து வைத்திருக்கும். ஆயில் மெல்ல 120-ஐத் தாண்டும். பள்ளிகொண்டா - ஆம்பூர் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போனால் இது தெரியவே தெரியாது. 90 - 110 நல்லது. 130 வந்தால் காலை எடுங்கள்.

படி 2: மீட்டரும் சென்சாரும் ஜோடியா?

சென்சார் அழுத்தத்தை மின்தடையாக (ஓம்) மாற்றிச் சொல்கிறது. அழுத்தம் கூடக் கூட ஐரோப்பிய வகை 10-லிருந்து 180 ஓமுக்கு ஏறும், அமெரிக்க வகை 240-லிருந்து 33 ஓமுக்கு இறங்கும். மாற்றிப் போட்டால் முள் தலைகீழாக ஓடும். ஒரே வகையிலும் 5 பார், 10 பார் என்று இருக்கிறது. 5 பார் சென்சாரை 10 பார் மீட்டரில் மாட்டினால் இருப்பதைப் போல இரண்டு மடங்கு காட்டும். தனித்தனியாக வாங்காமல் செட்டாக வாங்குங்கள்.

படி 3: மரை

1/8 என்பிடி (அமெரிக்க மரை அளவு) என்றால் அங்குலத்துக்கு 27 மரை, 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் மரை அளவு) என்றால் 28. ஒன்றில் மற்றதை மாட்டினால் இரண்டு சுற்று சுகமாக ஏறும், பிறகு இறுகும். அதற்குமேல் ஸ்பேனர் போட்டால் அலுமினிய பிளாக்கில் மரை போய்விடும். ஜப்பானிய இன்ஜின்களில் பெரும்பாலும் பிஎஸ்பிடி, ஐரோப்பிய இன்ஜின்களில் எம்10 (10 மில்லிமீட்டர் மரை) அதிகம். பழைய ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஏதாவது லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் மரை அளக்கும் பிட்ச் கேஜில் வைத்துப் பார்த்துவிட்டு அடாப்டர் வாங்குங்கள்.

கனமான சென்சாரைப் பித்தளை டி-யில் (மூன்று வழி இணைப்பு) நேரடியாகத் தொங்கவிடாதீர்கள், அதிர்வில் டி கழுத்திலேயே முறியும். சின்ன பிரெய்டட் ஹோஸ் போட்டு பாடியில் பிடியுங்கள். கம்பெனி சுவிட்சும் அதே டி-யில் இருக்கட்டும்.

படி 4: எர்த்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒற்றை ஒயர் சென்சார் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. டெஃப்லான் டேப்பைத் தடியாகச் சுற்றினால் எர்த் பலவீனமாகும். ஹோஸில் தள்ளி வைத்தால் எர்த்தே இருக்காது. எர்த் கெட்டால் ஓம் கூடும். 10 - 180 சென்சாரில் ஓம் கூடினால் அழுத்தம் அதிகம் என்று காட்டும். வெப்ப சென்சாரில் ஓம் கூடினால் குளிர்ச்சி என்று காட்டும். இரண்டுமே "எல்லாம் நலம்" என்கிற பொய். மீட்டர் இல்லாமல் இருப்பதைவிட இது மோசம்.

இன்ஜினை அணைத்து, ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையை சென்சார் உடம்பிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 1 ஓமுக்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் உடம்பில் கிளிப் போட்டுத் தனி எர்த் ஒயர் இழுங்கள். இரண்டு ஒயர் சென்சார் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்குங்கள்.

படி 5: வைட்பேண்ட்

சென்சாரை சைலன்சர் பைப்பின் மேல்பாதியில், கடிகாரத்தில் 10-க்கும் 2-க்கும் இடையே வையுங்கள். கீழே வைத்தால் பைப்பில் சேரும் தண்ணீர் பட்டுச் சூடான பீங்கான் விரியும். டர்போவைத் தாண்டி இரண்டு மூன்று அடி தள்ளி இருக்கட்டும். கரன்ட் கொடுக்காமல் சென்சாரை மட்டும் பைப்பில் விட்டு ஓட்டினால் கரி பிடித்துப் போய்விடும்.

டயலை லாம்டாவில் (சரியான காற்று-பெட்ரோல் கலவையை 1 என்று காட்டும் அளவு) வையுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 14.7 கணக்கு (ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று) பொருந்தாது. லாம்டா 1 எந்தப் பெட்ரோலுக்கும் 1-தான்.

ஏ-பில்லரில் (முன் கண்ணாடி ஓரத் தூணில்) மீட்டர் பாட் (மீட்டர் வைக்கும் கூடு) வைக்குமுன் அங்கே கர்ட்டன் ஏர்பேக் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஏசி வென்ட்தான் சரியான இடம்.

பின்சேர்க்கை: "சூடான பிறகு ஐடிலில் 1 பார்தான் காட்டுகிறது, பம்ப் போயிற்றா?" என்று பலர் கேட்கிறார்கள். ஆயில் சூடானால் இளகும், அழுத்தம் குறையும். ஆயிரம் ஆர்பிஎம்முக்குச் சுமார் 0.7 பார் என்பது பழைய கணக்கு. ஐடிலில் 1 பார் என்பது அதற்குள் அடங்கும். இரண்டு நிலை ஆயில் பம்ப் உள்ள புதிய இன்ஜின்களில் லேசாக ஓட்டும்போது முள் இன்னும் தாழ்ந்தே நிற்கும், மிதித்தால் ஏறும். மிதித்தும் ஏறவில்லை என்றால் உடனே இன்ஜினை அணைத்துவிட்டு டிப்ஸ்டிக்கை எடுங்கள்.