சிமென்ட் மூட்டையில் பிபிசி இருக்கிறதா பாருங்கள்

பாளையங்கோட்டை, தாழையூத்துப் பக்கம் வீடு கட்டுகிறீர்களா, சிமென்ட் வாங்கும்போது மூட்டையில் பிபிசி (PPC, போர்ட்லேண்ட் பொசலானா சிமென்ட், அதாவது சாம்பல் கலந்த சிமென்ட்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். உலகின் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7, 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பில் வருகிறது, அதில் பாதிக்கு மேல் எரிக்கிற நிலக்கரியால்கூட இல்லை, சுண்ணாம்புக்கல்லே சூளையில் வெந்து பிரியும்போது வெளியேறுவது. பிபிசியில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல், அதாவது ஃபிளை ஆஷ், கலப்பதால் அந்த அளவுக்குக் கல் வேக வேண்டாம். தூத்துக்குடியில் மலைபோல் குவிகிற சாம்பல்தான், உருப்படியாகப் போகட்டுமே!

ஆனால் இது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். கொத்தனார் ஏழு நாள் போதும் என்றாலும் கேட்காதீர்கள், நம்ம ஊர் வெயிலுக்கு 14 நாள் தண்ணீர் விட வேண்டும். தளத்துக்குப் பாத்தி கட்டுங்கள், தூணுக்கு ஈரச்சாக்கு சுற்றுங்கள். அப்புறம், சென்ட்ரிங் பலகையை அவசரப்பட்டுப் பிரிக்க விடாதீர்கள்.