இரண்டே இரண்டு நெய் பிஸ்கட்

எங்கள் ஊர் தூத்துக்குடி. முட்டை வெள்ளைக்கருவில் செய்யும் மக்ரூன் என்கிற இனிப்பை இங்கே எடை போட்டு விற்பார்கள். வீட்டுக்காரர் கால் கிலோ வாங்கி வந்தால், ராத்திரிச் செய்தி முடிவதற்குள் டப்பாவின் அடியில் தூள்தான் மிச்சம் இருக்கும். அதில் பெரும்பங்கு என்னுடையது. போன தை மாதம் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 என்று வந்தது. 5.7 தாண்டினாலே எச்சரிக்கை, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். டாக்டர் இனிப்பை நிறுத்தச் சொன்னார். பத்து நாள் நிறுத்தினேன். பதினோராம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு, அடுப்படியில் நின்றபடி சர்க்கரை டப்பாவில் ஸ்பூனை விட்டு வெறும் சர்க்கரையைத் தின்றுகொண்டிருந்தேன்.

நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறவள். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எனக்குத் தேவைப்படுவது ராத்திரி இரண்டு வாய் இனிப்பு. கெடுப்பது டப்பாதான். சுட்ட பண்டம் வீட்டில் இருந்தால் கை போகும். மாவாக, கல் மாதிரி உறைந்து கிடந்தால் போகாது. அன்றிலிருந்து நெய் பிஸ்கட் மாவை உருட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, வேண்டுமென்கிற அன்று இரண்டை மட்டும் சுடுகிறேன்.

பன்னிரண்டு உருண்டைக்கு: மைதா 80 கிராம், கடலை மாவு 20, ரவை 10, நெய் 60, பொடித்த சர்க்கரை 45, ஏலக்காய் இரண்டு, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. டம்ளர் கணக்கு கேட்காதீர்கள். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். இந்தக் கணக்கில் ஒரு பிஸ்கட்டுக்குச் சர்க்கரை நாலு கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூன் கூட இல்லை. நெய் 5 கிராம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 90 கலோரி. சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் இந்த இரண்டு பிஸ்கட் ஏழரை கிராம். அதனால் பிஸ்கட் உண்டு என்றால் அன்று டீக்குச் சர்க்கரை கிடையாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கருப்பட்டி போடலாமே என்பார்கள். போடலாம், வாசனை நன்றாக இருக்கும். ஆனால் ஒன்றும் செய்யாது என்று நினைத்துப் போடாதீர்கள். ரத்தத்தில் போய்ச் சேர்ந்த பிறகு அதுவும் சர்க்கரைதான்.

எல்லாமே நெய்யின் பதத்தில் இருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு நெய் எப்போதும் உருகித்தான் கிடக்கும். முதல் தடவை அப்படியே ஊற்றிப் பிசைந்தேன். தட்டில் வைத்த நாலும் ஓடிக் கலந்து ஒரே அடையாகிவிட்டது. நெய்யை ஃப்ரிட்ஜில் வைத்து, விரலால் அழுத்தினால் குழி விழுகிற பதத்தில் எடுங்கள். சர்க்கரைப் பொடியைச் சேர்த்து ஐந்து நிமிடம் கரண்டியால் தேயுங்கள். மஞ்சள் போய் வெளுத்து, பஞ்சு மாதிரி வரும். அப்புறம் மற்றதையெல்லாம் சலித்துப் போட்டு, சப்பாத்திக்குப் பிசைவது போல் அடித்துப் பிசையாமல், சும்மா கூட்டிச் சேர்த்தால் போதும். உதிர்ந்தால் அரை ஸ்பூன் நெய் விடுங்கள், பால் விடாதீர்கள், பிஸ்கட் கெட்டியாகிவிடும்.

பெரிய நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, லேசாகத் தட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து டப்பாவுக்கு மாற்றலாம்.

சர்க்கரையை 20 கிராமாகக் குறைத்தும் பார்த்தேன். மொறுமொறுப்பே வரவில்லை, பொரிவிளங்காய் உருண்டையின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது. மனசு ஆறாமல் ஐந்து தின்றேன். ருசியில்லாத இனிப்பைச் செய்தால் அதிகம்தான் உள்ளே போகிறது.

சுடுவதற்குச் சின்ன ஓவன் இருந்தால் 160 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். அதற்குள் வெளியே எடுத்து வைத்த இரண்டு உருண்டையும் குளிர் விட்டிருக்கும். பதினெட்டு முதல் இருபது நிமிடம். ஓவன் இல்லையென்றால் பழைய குக்கர் போதும்: ரப்பரையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் உப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்து, தண்ணீர் விடாமல் பத்து நிமிடம் சூடாக்கி, தட்டை உள்ளே வைத்து மூடி, சிறு தீயில் இருபத்தைந்து நிமிடம்.

எப்போது எடுப்பது என்பதில்தான் எல்லோரும் ஏமாறுவார்கள். மேல்பக்கம் சிவக்கவே சிவக்காது, வெடிப்பு மட்டும் விடும். ஒன்றைத் தோசைத் திருப்பியால் தூக்கிப் பாருங்கள், அடி வெளிர் பொன்னிறமாக இருந்தால் எடுத்துவிடலாம். தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று நினைத்து நான் இன்னும் பத்து நிமிடம் விட்டேன், அத்தைக்குக் கடைவாய்ப் பல் போயிருக்கும். வெளியே எடுத்துக் கால் மணி நேரம் ஆறினால் தானே மொறுமொறுவென்று ஆகிவிடும். அந்தக் கால் மணி நேரமும் அடுப்படியில் நிற்காதீர்கள். நான் பாத்திரம் கழுவுவேன். சில நாள் சுட்டு முடிப்பதற்குள் ஆசையே அடங்கிவிடுகிறது. அன்றைக்கு இரண்டும் வீட்டுக்காரருக்கு.

“ரெண்டு பிஸ்கட்டுக்கு அரை மணி நேரம் அடுப்பா?” என்று அத்தை கேட்டார்கள். என்னுடையது 800 வாட் ஓவன், அரை மணி நேரத்துக்கு அரை யூனிட் கூட ஆகாது என்று கணக்குச் சொன்னேன். அத்தைக்குக் கணக்கு பிடிக்கவில்லை, பிஸ்கட் பிடித்திருக்கிறது.

மக்ரூனையும் இப்படிச் செய்யலாமா என்றால், முடியாது. முட்டை வெள்ளைக்கருவை அடித்த நுரை கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும், கலவையை அப்போதே சுட்டாக வேண்டும். ஒரே ஒரு முட்டையில் செய்தாலும் இருபதுக்கு மேல் வரும். அப்புறம் மறுபடியும் டப்பாதான். அது கல்யாணம் காட்சிக்குக் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டிய பண்டம்.

டப்பாவை மட்டும் இறுக்கமாக மூடுங்கள், முடிந்தால் ஒரு கவருக்குள் போட்டு வையுங்கள். நெய் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாளை மீனைக் கழுவி அதே ஃப்ரீசரில் பக்கத்தில் வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை சுட்ட இரண்டு பிஸ்கட்டும் பூனைக்குப் போயின.